போயா பின்னேரத்தில் கிறிஸ்தவரும் நாத்திகரும்: திருகோணமலை உரையாடல் வட்டம் ஒரு மதிப்பீடு

திருகோணமலை நகரில், உள்துறைமுக வீதியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு டியூஷன் மண்டபம். மாதம் ஒருமுறை, பௌர்ணமி நாளான போயா விடுமுறையன்று பின்னேரம் அங்கே இந்த வட்டம் கூடுகிறது. பதாகையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. கிறிஸ்தவர்கள் எட்டுப் பேர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் எட்டுப் பேர், நடத்துநர்கள் இருவர். மூன்றரைக்குத் தொடங்கினால் ஐந்தே முக்காலுக்கு முடித்துவிடுகிறார்கள். போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கட்டாயம் போகலாம். யாரையாவது மனம்மாற்றிக் கூட்டிவரலாம் என்ற எண்ணத்தோடு போகிறவருக்கு மட்டும் இது சரிவராது.

இப்படியான சந்திப்புகளில் மரியாதை என்றால், எல்லோரும் இனிமையாகப் பேசிவிட்டு எதையும் தொடாமல் எழும்பிப் போவது என்றுதான் பெரும்பாலும் முடியும். இங்கே நரகம், இயேசுவின் உயிர்ப்பு, சுனாமி, செபத்தால் சுகமான வருத்தம், பிள்ளையின் ஞானஸ்நானம் எல்லாவற்றையும் எடுத்துக் கதைக்கிறார்கள். சண்டை வராமல் இருப்பதற்குக் காரணம் வருகிறவர்களின் நல்ல குணம் அல்ல. மரியாதையை ஆட்களின் பொறுப்பில் விடாமல் ஒழுங்குமுறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். இந்த வட்டத்தின் முழுப் பெறுமதியும் அதில்தான் இருக்கிறது.

நாளையும் இடத்தையும் யோசித்துத் தெரிவு செய்திருக்கிறார்கள். ஞாயிறு காலை ஆராதனை, சனி பின்னேரம் பூசை, வெள்ளியில் பல சபைகளுக்கு உபவாச செபம். இந்த மூன்று நாட்களில் எதைப் பிடித்தாலும் ஒரு பகுதி கிறிஸ்தவர்கள் வரமுடியாது. போயாவில் டியூஷனும் இல்லை, வேலையும் இல்லை. கோயில் மண்டபத்தையோ பங்கு மண்டபத்தையோ எடுக்காதது அதைவிட முக்கியம். மாதா சொரூபத்துக்குக் கீழே இருந்துகொண்டு கடவுள் இல்லை என்று சொல்ல ஒருவருக்கு வாய் வராது. சொன்னாலும் விருந்துக்குப் போன வீட்டில் கறியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். டியூஷன் மண்டபத்தில் இரண்டு பக்கத்தாரும் வெளியாட்கள்தான்.

வாங்குகளை ப வடிவில் போட்டிருக்கிறார்கள். ஒரு கிறிஸ்தவர், ஒரு நாத்திகர் என்று மாறி மாறித்தான் இருக்கவேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கவேண்டாம். இரண்டு அணியை எதிரெதிரே இருத்தினால் தமிழருக்குப் பட்டிமன்றம் தானாக வந்துவிடும்: நடுவர், கைதட்டல், சிரிக்கவைத்தவருக்கு வெற்றி. இந்த நாட்டில் மத விவாதத்துக்கும் அதே வழக்கம்தான். 1873 ஓகஸ்டில் பாணந்துறையில் பௌத்த பிக்குவான மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் மெதடிஸ்த குருவான டேவிட் டி சில்வாவும் மோதியபோது ஆயிரக்கணக்கான சனம் கூடியது. யார் வென்றார் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. மற்றவர் என்ன நம்பினார் என்பதை அங்கே யாரும் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனதாகத் தெரியவில்லை. இந்த வட்டத்தில் கைதட்டத் தடை, வாக்கெடுப்பு இல்லை, முடிவுரையும் இல்லை.

இனி நடைமுறை. முதல் பத்து நிமிடம் விதிகளை வாசிக்கிறார்கள், அன்றைய கேள்வியைப் பலகையில் எழுதுகிறார்கள். பிறகு இருவர் இருவராகப் பிரிந்து மூன்று சுற்று. ஒரு சுற்றில் ஒருவர் நான்கு நிமிடம் தன் நிலைப்பாட்டைச் சொல்வார், மற்றவர் குறுக்கிடக்கூடாது. அடுத்த இரண்டு நிமிடத்தில் கேட்டவர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவேண்டும். “ஓம், நான் சொன்னது அதுதான்” என்று சொன்னவர் ஒத்துக்கொண்ட பிறகே கேட்டவருக்குப் பதில் சொல்ல மூன்று நிமிடம் கிடைக்கும். பிறகு இடம் மாறி இதே ஒழுங்கு. ஒரு சுற்று 18 நிமிடத்தில் முடியும், அடுத்த சுற்றுக்குச் சோடி மாறவேண்டும். மூன்றும் முடிய கால்மணி நேரம் தேத்தண்ணி. அதன் பிறகு எல்லோரும் சேர்ந்து 45 நிமிடம் கதைக்கிறார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் மற்றப் பக்கத்தாரிடம் கேட்ட வலுவான ஒரு கருத்தை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லவேண்டும். தன் பக்கத்துக் கருத்தை அங்கே சொல்லக்கூடாது.

திருப்பிச் சொல்லும் விதி இவர்கள் கண்டுபிடித்ததல்ல. எதிராளியின் நிலையை அவரே திருப்திப்படும் அளவுக்கு எடுத்துச்சொல், அது எந்த எல்லைக்குள் உண்மை என்று பார், அதன் பிறகே மறு என்ற வழியைக் கணித உளவியலாளர் அனட்டோல் ரப்பபோர்ட் 1960இல், பனிப்போர் கடுமையாக இருந்த காலத்தில் முன்வைத்தார். அதைக் கடவுள் விஷயத்துக்குப் பொருத்தும்போது என்ன நடக்கிறது என்பதை நேரில் பார்த்தால்தான் விளங்கும்.

துன்பம் பற்றிய அமர்வில் ஒரு சோடி: இளைப்பாறிய கத்தோலிக்க ஆசிரியை ஒருவர், பொறியியல் படிக்கும் இளைஞர் ஒருவர். இளைஞர் 2004 டிசம்பர் 26ஐ எடுத்தார். நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கரையில் அந்தக் காலையைத் தெரியாதவர் இல்லை. அவர் பேசி முடிய ஆசிரியை திருப்பிச் சொன்னார்:

“தம்பி, சரியா எண்டு பாருங்க. இவ்வளவு சனத்தைக் கடல் எடுத்துக்கொண்டு போனதால உங்களுக்குக் கடவுளில கோபம்.”

“இல்ல மிஸ். கோபப்பட அங்க ஒருத்தர் இருக்கிறார் எண்டே நான் நினைக்கேல்ல.”

“அப்ப, அன்பும் எல்லா வல்லமையும் உள்ள ஒருத்தர் இருந்திருந்தா அந்தக் காலமை அப்பிடி விடிஞ்சிருக்காது. விடிஞ்சதால அப்பிடி ஒருத்தர் இல்லையெண்டு நினைக்கிறீங்க.”

“ஓம் மிஸ். இன்னும் ஒண்டு. கடலுக்கடியில நிலத்தட்டு விலகினது எண்ட விளக்கமே எனக்குக் காணும். வேற காரணம் தேடத் தேவையில்லை.”

அடுத்து ஆசிரியையின் முறை. அவர் பேசி முடிய இளைஞர் சுருக்கினார்: “மிஸ்ஸுக்கு ஆறுதல் தேவை, அதால நம்புறீங்க.” ஆசிரியை தலையசைத்து மறுத்தார். “ஆறுதலே கிடைக்காத காலத்திலயும் நான் நம்பினனான் தம்பி. சிலுவையில கிடந்தவரும் ஏன் என்னைக் கைவிட்டீர் எண்டுதான் கேட்டவர். பதில் தெரிஞ்சு நான் நம்பேல்ல. அந்தக் கேள்வியைக் கேட்டவரோட நிக்கிறன்.” இளைஞர் இரண்டாம் முறை சரியாகச் சொன்னார். அதற்கு அவருக்கு இரண்டு நிமிடம் போதவில்லை, நடத்துநர் ஒரு நிமிடம் கூட்டிக்கொடுத்தார்.

இந்தச் சோடி தடுக்கி விழுந்த இரண்டு இடங்களும் எல்லோருக்கும் பொதுவானவை. நாத்திகர் கடவுளோடு கோபித்துக்கொண்டவர் என்று கிறிஸ்தவர் நினைக்கிறார். கிறிஸ்தவர் பயத்தாலோ ஆறுதலுக்காகவோ நம்புகிறார் என்று நாத்திகர் நினைக்கிறார். இரண்டுமே மற்றவர் சொன்னதைக் கேட்காமல் அவர் மனதுக்குள் இருப்பதாகத் தாங்களே எண்ணிக்கொண்ட காரணத்துக்குப் பதில் சொல்வது. வெளியே நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன. திருப்பிச் சொல்லும் விதி அதை முதல் இரண்டு நிமிடத்திலேயே பிடித்துவிடுகிறது.

விதியும் பிசகுவதுண்டு. சிலர் கேட்ட சொற்களை அப்படியே கிளிப்பிள்ளையாக ஒப்புவிப்பார்கள். “ஓம்” கிடைத்துவிடும், விளங்கியிருக்காது. அதற்காகவே தன் சொற்களில் சொல்லவேண்டும் என்ற நிபந்தனை. சிலர் திருப்பிச் சொல்வதற்குள்ளேயே பதிலை ஒளித்துவைப்பார்கள்: “ஆதாரம் இல்லாவிட்டாலும் நீங்கள் நம்புகிறீர்கள்” என்று. அந்த “ஆதாரம் இல்லாவிட்டாலும்” என்பது சொன்னவருடையது அல்ல, கேட்டவருடையது. மூன்றாவது பிசகு பெரியவர்களுக்கும் இளையவர்களுக்கும் இடையில் வருகிறது. வயதில் மூத்தவர் பிழையாகச் சொன்னாலும் இளையவர் மரியாதைக்காக “ஓம் ஐயா” என்று விட்டுவிடுவார். நடத்துநர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சொன்னவர் தொடங்குமுன்னரே தன் நிலைப்பாட்டை ஒரு வரியில் கொப்பித்தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்கவேண்டும். திருப்பிச் சொன்ன பிறகு தாளைத் திருப்பினால் பொருந்துகிறதா இல்லையா என்று தாளே சொல்லிவிடும், இளையவர் வாய் திறக்கத் தேவையில்லை. நான் பார்த்தவற்றில் நல்ல யோசனை இதுதான்.

சாட்சி சொல்வதை, அதாவது கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததாக ஒருவர் சொல்லும் கதையை, எப்படிக் கையாளுவது என்பதில்தான் நடத்துநரின் திறமை தெரியும். பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வருபவருக்குச் சாட்சி என்பது வாழ்க்கையின் நடுப்பகுதி. டொக்டர் கைவிட்ட அம்மா செபத்தில் எழும்பினார் என்று ஒருவர் சொல்லும்போது எதிரே இருப்பவர் “தற்செயல்” என்று ஒரு சொல்லில் முடித்தால், அவர் அம்மாவையே தள்ளிவிட்டது போலத்தான் கேட்கும். ஆகவே சாட்சிக்குப் பதில் சொல்லுமுன் இரண்டு கேள்வி கேட்கவேண்டும் என்பது விதி. என்ன நடந்தது? அது கடவுளால் நடந்தது என்று எப்படி முடிவுசெய்தீர்கள்? இரண்டையும் உண்மையாகவே அறியும் ஆவலோடு கேட்டால் சொல்பவரே தன் கதையில் எது கண்டது, எது விளங்கிக்கொண்டது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்குவார். நாத்திகரின் சாட்சிக்கும் இதே மரியாதை வேண்டும். சபையை விட்டு வந்த கதையை ஒருவர் சொன்னால் “ஆரோ உங்களை நோகப்பண்ணியிருக்கிறார்கள்” என்று பதில் சொல்வது, அவர் யோசித்ததையெல்லாம் வெறும் காயமாக ஆக்கிவிடுகிறது.

அற்புதம் பற்றிய அமர்வில் ஆபிரகாம் கோவூரின் பெயர் வராமல் இருக்காது. கேரளத்தில் மார்த்தோமா சபைக் குருவின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்து, இலங்கையின் பகுத்தறிவு இயக்கத்தின் முகமாக ஆனவர். மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளுக்குள் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தக் காசை யாரும் பெறவில்லை. நாத்திகர் பலர் இதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். கோவூரின் சவால் அற்புதம் செய்து காட்டுவேன் என்று விளம்பரம் செய்பவருக்குப் பொருந்தும். கடவுள் கேட்டவுடன் செய்து காட்டும் ஆள் அல்ல என்று நம்பும் கிறிஸ்தவரை அது தொடவே இல்லை. நடத்துநர் இந்த வேறுபாட்டை எடுத்துக்கொடுத்த அமர்வு முன்னேறும். கொடுக்காவிட்டால் அரைமணி நேரம் வீண்.

தயாராகி வருபவர்கள் வித்தியாசமாகப் பேசுகிறார்கள். கிறிஸ்தவர்கள் 1 பேதுரு 3:15ஐ மனதில் வைத்திருப்பது நல்லது. நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொல்கிறது அது. வட்டத்துக்கு வரும் பலர் அதற்குப் பதிலாக, தேவன் இல்லை என்று சொல்பவன் மதிகேடன் என்னும் சங்கீதம் 14இன் முதல் வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மதிகேடன் என்று ஒருவரை அழைத்துவிட்டு அவரோடு கதைக்கமுடியாது. கத்தோலிக்கருக்கு இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஆவணம், நாத்திகம் உருவானதில் விசுவாசிகளுக்கும் கணிசமான பங்கு உண்டு என்று ஒத்துக்கொள்கிறது, நாத்திகரோடு நேர்மையான, விவேகமான உரையாடலுக்கும் அழைக்கிறது. 19 முதல் 21 வரையான பிரிவுகளை வாசித்துவிட்டு வந்தால் காணும்.

நாத்திகர்களின் வீட்டுப்பாடம் இதைவிடக் கூட. வருகிறவர்களில் பலர் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய வாதங்கள் பெரியாரின் வழியாகவும் தங்கள் ஊர்க் கோயில் அனுபவத்தின் வழியாகவும் வந்தவை: சாதி, சடங்கு, ஐயர், நேர்த்தி. அவற்றை ஒரு மெதடிஸ்தர்மேல் வீசினால் அவர் “ஓம், எனக்கும் அதே கருத்துத்தான்” என்பார். பரிணாமத்தைக் கத்தோலிக்கரிடம் கொண்டுபோனாலும் அதே கதிதான். பரிணாமக் கொள்கை ஒரு கருதுகோளைவிட மேலானது என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996இலேயே சொல்லிவிட்டார். ஒரு நற்செய்தி நூலையாவது முழுதாக வாசிக்காமல் வருகிறவர் தான் விட்டுவந்த மதத்தோடுதான் வாதாடிக்கொண்டிருப்பார். ஆறுமுக நாவலரை இங்கே நினைக்கவேண்டும். மெதடிஸ்த மிஷனரி பீட்டர் பேர்சிவலோடு ஆண்டுக்கணக்கில் இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர் அவர். பின்னர் கிறிஸ்தவத்தை எதிர்த்து அவர் எழுதியவற்றுக்கு இருந்த கனம் அந்த வாசிப்பில் வந்தது.

ஒரு குறையை நான் நடத்துநர்களுக்கே சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். கடவுள் என்ற சொல்லால் எதைக் குறிக்கிறோம் என்று சோடிகள் தொடக்கத்தில் ஒத்துக்கொள்வதில்லை. 1948இல் பிபிசி வானொலியில் இயேசு சபைக் குரு பிரெடரிக் கொப்பிள்ஸ்டனும் பெட்ரண்ட் ரசலும் கதைத்தபோது முதலில் செய்தது அதைத்தான்: உலகிலிருந்து வேறான, உலகைப் படைத்த, ஆளுமையுள்ள உன்னதப் பரம்பொருள் என்று ஒரு வரையறையை வைத்து இருவரும் சம்மதித்தார்கள். அப்படி ஒருவர் இல்லை என்று நிரூபிக்கலாமா என்று கேட்டபோது, தன் நிலை அறியொணாவாதம், அதாவது இருக்கிறார் என்றோ இல்லை என்றோ அறியமுடியாது என்பது, என்று ரசல் சொன்னார். இரண்டு நிமிட வேலை. இது இல்லாததால், இங்கே ஒருவர் வானத்திலிருந்து கணக்குப் பார்க்கும் கிழவரை மறுத்துக்கொண்டிருக்க, மற்றவர் எல்லாவற்றுக்கும் அடிப்படையான இருப்பைக் காத்துக்கொண்டிருப்பதை அடிக்கடி காணலாம். எட்டுச் சோடியில் குறைந்தது மூன்று அப்படித்தான் போகும்.

மனம் புண்பட்டால் கை உயர்த்தலாம். உயர்த்தியவர் எந்த வாக்கியம் என்று சொல்லவேண்டும். அது ஆளைப் பற்றியதா, கொள்கையைப் பற்றியதா என்று நடத்துநர் கேட்பார். ஆளைப் பற்றியது என்றால் சொன்னவர் அதைத் திரும்பப் பெறவேண்டும். கொள்கையைப் பற்றியது என்றால் பேச்சு தொடரும். உயிர்ப்பு நடக்கவில்லை என்று சொல்வது நோகும், ஆனாலும் சொல்லலாம். மூளைச்சலவை செய்யப்பட்டவர், சாத்தானின் பிடியில் இருப்பவர் என்பவை சொல்லக்கூடாதவை. “உங்களுக்காகச் செபிக்கட்டா?” என்று கேட்பதற்குத் தடையில்லை. கேட்காமல் அந்த இடத்திலேயே கண்மூடித் தொடங்குவதற்குத் தடை உண்டு. அது நியாயம்தான்.

கைத்தொலைபேசிகளை வாசலில் ஒரு கூடைக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். இதைக் குறைசொல்பவர்கள் உண்டு. அவர்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்க்கவேண்டும். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. இன்னொரு பக்கம், மத உணர்வைப் புண்படுத்துவது தொடர்பான தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகளும் மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடைசெய்யும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) சட்டமும் இருக்கின்றன. 2019இல் ஒரு சிங்களச் சிறுகதைக்காக அதை எழுதியவர் மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். நான்கு நிமிடப் பேச்சிலிருந்து பத்து விநாடியை வெட்டி முகநூலில் போட்டால், பிறகு திருப்பிச் சொல்லி விளக்க யாரும் நேரம் தரமாட்டார்கள். வேறொரு காரணமும் இருக்கிறது. தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் இங்கே வருகிறார்கள். ஊர் சின்னது. கலியாணப் பேச்சும் வேலையும் இதில் தொங்குகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது பாடசாலை பற்றிய அமர்வு. சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம். நம்பிக்கை இல்லாத பெற்றோரின் பிள்ளை எந்தச் சமயத்தைப் படிப்பது, மிஷன் பாடசாலையில் காலைச் செபத்தின்போது என்ன செய்வது என்று கதைக்க வந்த இடத்தில், பக்கங்கள் கலைந்துவிட்டன. பிள்ளை மரியாதைக்கு எழுந்து நிற்கட்டும், சொற்களைச் சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று முதலில் சொன்னவர் ஒரு பாஸ்டர். செத்தவீட்டுப் பூசைக்குப் போகும் நாத்திகர், எல்லோரும் எழும்பும்போது எழும்பி, நற்கருணைக்கு வரிசையில் போகாமல் இருந்த இடத்தில் இருந்தால் காணும் என்று ஒரு அருட்சகோதரி சொன்னதைப் பலர் எழுதிக்கொண்டார்கள்.

வசதிகள் சுமார். தகரக்கூரை, மூன்றரை மணி வெயில், இரண்டு ஃபேன் சத்தம். ஒக்டோபர் தொடங்கி ஜனவரிவரை வாடைமழை தகரத்தில் விழும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்வதே கேட்காது. திருப்பிச் சொல்லுதலையே நம்பியிருக்கும் அமர்வுக்கு அது பெரிய இடைஞ்சல். அந்த மாதங்களுக்கு வேறு மண்டபம் பார்க்கவேண்டும். காது மந்தமானவர்கள் மூலை வாங்கைக் கேட்டுப் பெறலாம். பெண்கள் குறைவு, அதிலும் நாத்திகப் பக்கத்தில் இன்னும் குறைவு. கடைசி பஸ்ஸைக் கணக்குப் பார்த்து கிண்ணியா, மூதூர் பக்கத்தார் தேத்தண்ணியோடு எழும்பிவிடுகிறார்கள், முக்கியமான 45 நிமிடம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. மூன்று மணிக்குத் தொடங்கினால் இதில் பாதி தீரும்.

கட்டணம் இல்லை. தேத்தண்ணிக்கும் கட்லட்டுக்குமாக 200 ரூபா பெட்டியில் போடவேண்டும். இடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும், கிறிஸ்தவப் பக்கம் முதலில் நிரம்பிவிடும். கத்தோலிக்கரா, மெதடிஸ்தரா, அங்கிலிக்கனா, சுயாதீன சபையா என்று கேட்பார்கள், கேட்டால் சொல்லுங்கள். ஒரே சபையார் எட்டுப் பேர் வந்துவிடாமல் பார்க்கத்தான் அது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு இப்போதைக்கு வாங்கு இல்லை. நடத்துநர்களோடு சுவரோரக் கதிரையில் இருந்து கேட்கலாம். கொப்பித்தாளும் பேனையும் கொண்டுபோங்கள், அங்கே தருவது எழுதாது.